ஆடி வெள்ளியும் குமரேசன் என்கிற போனும்

போன வாரம் நிவேதா போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கம்பெனியில் இப்போது ஆப் எழுதுகிற பெண். "விஜயா ஆன்ட்டி, ஒரு சின்ன டவுட்" என்றாள். எங்கள் தொழிலில் சின்ன டவுட் என்று ஆரம்பித்தது எதுவும் சின்னதாக முடிந்ததில்லை. அதனால் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"நம்ம கல்யாண ஆப்ல தேடற பக்கம் இருக்குல்ல ஆன்ட்டி? போன்ல மெமரி குறைஞ்சா ஒரு வார்னிங் வருமே, அது வந்தா என்ன செய்யணும்னு நீங்கல்லாம் ஒரு கோட் எழுதி வச்சிருக்கீங்க. இப்ப எல்லா போன்லயும் மெமரி கொட்டிக் கிடக்கு. அதைத் தூக்கிடலாம்னு பார்க்கறேன். சதீஷ் சார்தான் எதுக்கும் உங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொன்னார்."

நன்றாகத் திட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சரி ஆன்ட்டி, ஆனா ஏன் தூக்கக் கூடாதுன்னு சொல்லவே இல்லையே" என்றாள். ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் குமரேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது போனில் சொல்லித் தீருகிற கதை இல்லை. அதற்குள் ரசமும் பொங்கிவிட்டது. அதனால் எழுதியே விடுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கணக்கில் பி.எஸ்சி., டைப்பிங் ஹையர், அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி. மற்றவர்கள் அடித்ததில் தப்பு கண்டுபிடிப்பதில் எனக்கு இருந்த ஆசையைப் பார்த்து டெஸ்டிங்குக்கு மாற்றிவிட்டார்கள். டெஸ்டர் என்றால் வேறொன்றுமில்லை. அடுத்தவர் கட்டியதை உடைத்துப் பார்த்து, "உடைஞ்சிருச்சு" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர். "இதுக்கு எதுக்கு டிரெயினிங், உனக்குப் பிறவியிலேயே உண்டே" என்பார் என் வீட்டுக்காரர். அவர் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் இருந்தவர். இரும்பைத் தவிர எதையும் நம்ப மாட்டார்.

கடைசியாக நான் இருந்த ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு ஸ்பிரிங் பட்டறைக்கு மேல் மாடியில். கீழே பிரஸ் ஓடினால் மேலே மேஜையில் டீ டம்ளர் தானாக நடக்கும். அங்கே எங்கள் மேனேஜர் கோதண்டராமன் சார். ஒல்லியான மனுஷர். ஒரு தூக்கு நிறைய மோர் கொண்டுவந்து நாள் முழுக்க அதையே குடிப்பார். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஆனால் "சார், ஆப் நல்லா ஓடுது" என்று யாராவது போய் நின்றால், மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "யார் கையில?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் அழுதவர்கள் உண்டு.

நாங்கள் செய்துகொண்டிருந்தது கல்யாண வேலைகளுக்கு ஆள் தேடுகிற ஆப். மண்டபம், சமையல், நாதஸ்வரம், மணமேடை அலங்காரம், எல்லாம் அதில் தேடலாம். வேண்டியதை டைப் அடித்தால் படத்தோடு ஆட்கள் வரிசையாக வருவார்கள். பிடித்தவர் படத்தைத் தொட்டால் அவருக்கே போன் போகும். அதைக் கட்டுகிற பொறுப்பு சதீஷுடையது. அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவன். அப்பா அதே எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். அவர்கள் குடும்பத்திலேயே ஏ.சி.யில் உட்கார்ந்து வேலை பார்க்கிற முதல் ஆள் சதீஷ்தான். எங்கள் ஏ.சி. ஓடாது, ஆனால் அது அவர்கள் வீட்டில் தெரியாது.

ஆப்பைச் செய்யச் சொன்னது பூந்தமல்லியில் கல்யாண மண்டபம் வைத்திருக்கிற துளசி அம்மா. ஒருநாள் அவரிடமிருந்து போன். "இன்னாப்பா ஆப்பு பண்ணிக்கிறீங்க? நாதஸ்வரம் தேடினுக்கிறேன், கீழ கீழ போயி ஒரு நல்ல ஆளைப் புடிக்கிறேன். நடுவுல எங்க ஊட்டுக்காரரு இன்னாவோ வீடியோ அனுப்பினாருன்னு பார்த்துட்டு திரும்பி வந்தா ஒண்ணுமே இல்ல. வெள்ளையா கீது. திரும்ப மொதல்ல இருந்து அடிக்கணும்னா நான் இன்னா ஸ்கூலுக்கா போறேன்?"

சதீஷ் தன் போனில் தேடிப் பார்த்தான். வீடியோ பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். நாதஸ்வரம் அப்படியே இருந்தது. "ஜோரா ஓடிக்கினு கீது சார்" என்றான்.

"யார் கையில?" என்றார் சார்.

மூன்று பேரும் பூந்தமல்லிக்குப் போய் துளசி அம்மாவின் போனைப் பார்த்தோம். அப்போதுதான் விஷயம் புரிந்தது. அந்த போனில் காலையில் எழுந்ததிலிருந்து குரூப் குரூப்பாகப் படம் விழுந்துகொண்டே இருந்தது. சூரியன் உதிக்கிறது, ரோஜாப்பூ, பிள்ளையார், டீ கப், மறுபடியும் பிள்ளையார். அதற்கு நடுவில் நகைக்கடை ஆப், சீரியல் ஆப், பஞ்சாங்க ஆப், டார்ச் லைட் எல்லாம் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. போன் தோசைக்கல் மாதிரி சுட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பலபேர் இதில்தான் குழம்புகிறார்கள். போனில் இடம் நிறைவது இரண்டு வகை. ஒன்று பீரோ நிறைவது. பழைய போட்டோ, பாட்டு எல்லாம் சேர்வது அதில். இன்னொன்று சமையல் மேடை நிறைவது. அந்த நேரத்தில் என்னென்ன வேலை நடக்கிறதோ அதெல்லாம் மேடையில் இருக்கும். நாங்கள் பேசுகிற மெமரி என்பது மேடை. மேடை நிறைந்துபோனால் போன் ஆப்பைப் பார்த்து, "கொஞ்சம் ஒதுங்கு, வேண்டாத பாத்திரத்தை எடு" என்று சொல்லும். அதுதான் வார்னிங். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அந்த மணியோசை. சதீஷின் கோட் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. போனும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆப்பைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறது.

சதீஷ் ஒரு பழைய மலிவு போனை வாங்கி அதில் ஆயிரக்கணக்கில் படங்களைக் கொண்டுபோய்க் கொட்டினான். வார்னிங் வரவில்லை. வராது, அது பீரோ. "போன் நிறைஞ்சிருந்தாப் போதாது, வாழணும்" என்றார் கோதண்டராமன் சார். "துளசி அம்மா போன் மாதிரி அதுக்கும் நாலு சொந்தபந்தம் வேணும். விஜயா, உங்க குரூப்ல எல்லாம் இதைச் சேர்த்துவிடுங்க."

சேர்க்க வேண்டுமானால் அதற்கு ஒரு பெயர் வேண்டும். "குமரேசன்னு போடுங்க மேடம். எங்க தெருவுல குமரேசன் பேர்ல கெட்டவனே கிடையாது" என்றான் சதீஷ்.

இப்படித்தான் அந்த போனுக்கு சிம் கார்டு போட்டு, குமரேசன் என்று பெயர் வைத்து, அதை வேலப்பன்சாவடியில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். என் புகுந்த வீட்டு குரூப், நடைப்பயிற்சி குரூப், மாங்காட்டு அன்னதான குரூப், எல்லாவற்றிலும் சேர்த்தேன். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது எங்கள் அபார்ட்மென்ட் குரூப். எங்கள் குடியிருப்பில் தூத்துக்குடியிலிருந்து ஓசூர் வரைக்கும் எல்லா ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தத்தம் குலதெய்வத்தோடுதான் காலை வணக்கம் சொல்வார்கள்.

"யாருங்க இந்தக் குமரேசன்?" என்று சங்கத் தலைவர் ஞானசேகரன் கேட்டார். பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற மதுரைக்காரர். என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "எங்க வீட்லயே இருக்கார் சார். அதிகம் பேச மாட்டார். வெளிய வர மாட்டார். சூட்டு உடம்பு."

ஒரு வார்த்தை பொய்யில்லை, கவனியுங்கள்.

குமரேசனுக்கு கோதண்டராமன் சார் சில விதிகள் வைத்தார். எதையும் அழிக்கக் கூடாது. எந்த ஆப்பையும் மூடக் கூடாது. யாரோடும் வாதம் கூடாது. பேசாமலே இருப்பவர்களைத் தலைவர் குரூப்பிலிருந்து நீக்கிவிடுவார் என்பதால், காலையில் ஒரே ஒரு கும்பிடு படம் மட்டும் போட வேண்டும். அதைப் போடுகிற வேலை எனக்கு. பல் தேய்த்ததும் முதல் வேலையாகக் குமரேசன் சார்பில் ஊருக்கு ஒரு கும்பிடு.

அந்தச் சமயம் எங்கள் குடியிருப்பில் மொட்டை மாடிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. வெயில் காலத்தில் ஒரு கட்சி அங்கே வடகம் காயப்போட்டது. இன்னொரு கட்சி துணி காயப்போட்டது. யாரோ ஒருவருடைய ஈர வேட்டி யாரோ ஒருவருடைய கூழ் வடகத்தின் மேல் விழுந்தது. வடகமும் தீர்ந்து வெயிலும் தீர்ந்து ஆடிக் காற்று வந்துவிட்டது, சண்டை மட்டும் தீரவில்லை. காலையில் எழுந்ததும் ஒருவரையொருவர் குரூப்பில் குதறிக்கொள்வார்கள். அந்தக் குதறலுக்கு நடுவில் தற்செயலாக நான் போடுகிற கும்பிடு வந்து விழும். "குமரேசன் சார் நம்மள வெட்கப்பட வைக்கிறார்" என்று ஒருவர் எழுதினார். "மனுஷன்னா இப்படி இருக்கணும்" என்று எதிர்க்கட்சியிலிருந்தே ஒருவர் எழுதினார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் அபார்ட்மென்டில் வாயே இல்லாத ஒரு பிள்ளை மரியாதையோடு பிழைத்துக்கொண்டிருந்தது.

இனி வேலைக்கு வருவோம். வார்னிங் எப்போது வருகிறது என்று பார்த்ததில் ஒன்று தெரிந்தது. விடிந்ததும் காலை வணக்கம் மழையாகப் பெய்யும்போதுதான் வருகிறது. அதிலும் வெறும் செவ்வாய், புதன் என்றால் தூறல்தான். வெள்ளிக்கிழமை என்றால் பரவாயில்லை. வெள்ளியோடு கிருத்திகையோ பௌர்ணமியோ சேர்ந்தால் அடைமழை. கோதண்டராமன் சார் அன்றிலிருந்து டெஸ்ட் பிளானைப் பஞ்சாங்கம் பார்த்துப் போட ஆரம்பித்தார். "வர்ற வியாழன் பிரதோஷம், சாயங்காலம் நந்தி படமா வரும், பார்த்துடலாம்" என்பார். உலகத்தில் வேறு எந்த சாப்ட்வேர் கம்பெனியிலாவது அஷ்டமி, நவமி பார்த்து டெஸ்டிங் செய்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. எங்களுக்குப் பலித்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சாரும் சதீஷும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சார் தூக்கில் மோரோடு வருவார். நாற்காலியில் உட்கார்ந்ததும், "குமரேசன் என்ன சொல்றார்?" என்று விசாரிப்பார். போனுக்கே மரியாதை கொடுக்கிற மனுஷர். நான் குமரேசனைக் கையில் எடுத்து, நாதஸ்வரம் என்று தேடி, கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருக்கிற திருமழிசைக்காரர் படம் வரைக்கும் கீழே போவேன். அப்புறம் ஆப்பை விட்டு வெளியே வந்து குரூப்பைத் திறப்பேன். வந்து விழுகிற அம்மன் படங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் பார்ப்பேன். பக்தியோடு பார்க்க வேண்டும், அவசரப்பட்டால் மெமரி நிறையாது. பிறகு திரும்பி ஆப்புக்குள் வருவேன்.

முதல் வெள்ளிக்கிழமை திரும்பி வந்தபோது வெள்ளையாக இருந்தது. நாதஸ்வரம் என்ற வார்த்தைகூட இல்லை. "ஐயையோ, நெஜமாவே பூட்ச்சு மேடம்" என்றான் சதீஷ். தன் குழந்தை அடுத்த வீட்டில் திருடியதை முதல்முறை கண்ணால் பார்த்த தகப்பன் முகம் அது.

அவன் உட்கார்ந்து திருத்தினான். வார்னிங் வந்ததும் கையில் இருக்கிற அத்தனையையும் கீழே போட்டுவிடு, திரும்பி வந்ததும் ஆட்கள் வரிசையைப் புதிதாகக் கொண்டுவா என்று எழுதினான். அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தோம். வெள்ளைத் திரை இல்லை. திருமழிசைக்காரர் கன்னம் உப்ப அதே இடத்தில் இருந்தார். சார் திருப்தியாக அவரைத் தொட்டார், போன் போனது.

"வணக்கம். நீங்க முகூர்த்தத்துக்கு வாசிப்பீங்களா?" என்று கேட்டார் சார்.

"வாசிக்கிறதா? எத்தினி இலைன்னு சொல்லு நைனா" என்றது எதிர்க்குரல்.

"இல்லைங்க, நாதஸ்வரம்..."

"காலைல டிபனும் நானே பண்ணிடறேன். கேசரி வேணுமா?"

படம் பழைய வரிசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் வந்திருந்தது, தேடின வார்த்தையும் போய் எல்லாரும் கலந்துவிட்ட புது வரிசை. நாதஸ்வரக்காரர் முகத்தில் சமையல்காரர் நம்பர். சார் போனை வைத்துவிட்டு வெகுநேரம் மோர் குடித்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சதீஷ் சிரிக்கவில்லை.

அவன் ஏன் சிரிக்கவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆபீசில் மேலே இருந்தவர்கள் முடிவு செய்துவிட்டார்களாம். துளசி அம்மா இன்னொருமுறை ஆப்பைத் திட்டினால் அந்த வேலை போய்விடும். அந்த வேலை போனால் அதைக் கட்டியவனும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சதீஷுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் ஆவடி. "மாப்ள சாப்ட்வேர் கம்பெனில கீறாருன்னு அவுங்க தெரு பூரா சொல்லி வச்சிக்கிறாங்க மேடம். இப்ப போயி வேல இல்லன்னு எப்டி மேடம் சொல்றது? எங்கப்பா மூஞ்சிய எப்டி பாக்குறது?" என்றான். அதுவரை அவன் எழுதியதை உடைப்பது எனக்கு விளையாட்டாக இருந்தது. அன்றிலிருந்து, இது உடையக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே உடைக்க ஆரம்பித்தேன். டெஸ்டருக்கு இதைவிட அவஸ்தை கிடையாது.

மறுபடியும் எழுதினான். இந்தமுறை சார் பக்கத்தில் உட்கார்ந்து, எதைக் கீழே போடலாம், எதைப் போடக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பேசினார். கண்ணுக்குத் தெரியாமல் மேலேயும் கீழேயும் இருக்கிற படங்களைப் போடலாம், திரும்பக் கொண்டுவந்துகொள்ளலாம். தேடின வார்த்தையைப் போடக் கூடாது. எந்த ஆளிடம் நின்றோம் என்பதையும் போடக் கூடாது. வரிசையில் எத்தனையாவது ஆள் என்று வைத்துக்கொள்ளாதே, எந்த ஆள் என்று வைத்துக்கொள். வெளியே கிளம்பும்போதே அந்த இரண்டையும் பத்திரப்படுத்திவிட்டுக் கிளம்பு, அப்போது கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் கவலையில்லை. "வீட்டை விட்டுக் கிளம்பறப்ப சாவியை எடுத்துக்கறோம் இல்லையா, அவ்வளவுதான் சதீஷ்" என்றார்.

துளசி அம்மாவுக்குக் காட்ட நாள் குறித்தோம். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, மண்டபம் காலி, அவருக்கும் பொழுது போகவில்லை. "வெள்ளிக்கிழமை விடியக்காலைல பூஜைக்கு மண்டபத்துக்கு வருவேன், அப்ப வாங்க" என்று அவரே சொன்னார். ஆடி வெள்ளி! சார் முகத்தில் அப்படியொரு பிரகாசத்தை நான் பார்த்ததில்லை. சதீஷ் முகத்தில் அப்படியொரு பயத்தையும் பார்த்ததில்லை.

காலி மண்டபத்தில் சாப்பாட்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். சதீஷ் தன் போனை எடுத்தான். துளசி அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "உன் போன்ல காட்டாத. எல்லாரும் அவுங்கவுங்க போன்ல ஜோராத்தான் காட்டுவாங்க."

"உங்களுக்குன்னே ஒரு போன் கொண்டாந்திருக்கோம் அம்மா. குமரேசன்னு ஒருத்தரோடது. குரூப் நிறைய" என்றார் சார். நான் குமரேசனைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். துளசி அம்மா வாங்கியதும், "நல்லா சுடுது" என்றார். நம்பிக்கை வந்துவிட்டது அவருக்கு.

நாதஸ்வரம் என்று தேடினார். கீழே கீழே போனார். திருமழிசைக்காரர் வந்ததும் நின்றார். அந்த நேரம் பார்த்து மேலே ஒரு மெசேஜ் விழுந்தது. எங்கள் தலைவர் ஞானசேகரன், அபார்ட்மென்ட் குரூப்பில். "மொட்டை மாடிப் பிரச்சினையால் சங்கத்தின் செயலாளர் பதவியை ஏற்க யாரும் முன்வரவில்லை. இரு தரப்புக்கும் பொதுவான மனிதர், பண்பாளர் திரு. குமரேசன் அவர்களின் பெயரை முன்மொழிகிறேன்."

நான் போனைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். துளசி அம்மாவுக்கோ ஆர்வம் தாங்கவில்லை. அடுத்தவர் போன் என்றெல்லாம் பார்க்கவில்லை, ஆப்பை அப்படியே விட்டுவிட்டு குரூப்புக்குள் போய்விட்டார். "வழிமொழிகிறேன்" என்றது வடகக் கட்சி. "வழிமொழிகிறேன்" என்றது துணிக் கட்சி. அதன்பிறகு ஆரம்பித்தது மழை. மாலை போட்ட படம், பட்டாசு வெடிக்கிற வீடியோ, மாங்காடு அம்மன், மலர்க்கொத்து, யாரோ ஒருவருடைய பேத்தி பாடி அனுப்பிய வாழ்த்து. ஏற்கெனவே ஆடி வெள்ளி மழை கொட்டிக்கொண்டிருந்தது, அதன் மேல் தேர்தல் மழை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால், எங்கள் மலிவு போன் எந்த மூலைக்கு? சதீஷ் கண்ணை மூடிக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது.

துளசி அம்மா எல்லாவற்றையும் பார்த்தார். மொட்டை மாடிச் சண்டையை ஆதியிலிருந்து படித்தார். "வேட்டியக் காயப்போட்டவன் மேலதான் தப்பு" என்று தீர்ப்பும் சொன்னார். அப்போது போன் அலறியது. தலைவரிடமிருந்து வீடியோ கால். நான் "வேண்டாம்" என்று கத்துவதற்குள் துளசி அம்மா எடுத்துவிட்டார்.

"வணக்கம்மா" என்றார் ஞானசேகரன், திரையில் பெரிய பொட்டோடு தெரிந்த துளசி அம்மாவைப் பார்த்து. "நீங்க சாரோட வீட்டம்மாவா?"

"நான் ஏங்க அவரு ஊட்டம்மா? நான் மண்டபத்துக்காரி."

"மண்டபமா... ஓ, விசேஷத்துக்கு வந்திருக்காரா! சார்ட்ட குடுக்க முடியுமாம்மா?"

துளசி அம்மா எங்களைப் பார்த்தார். கோதண்டராமன் சார் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "அவர் இப்ப பேசற நிலைமையில இல்லைங்க" என்றார் அமைதியாக. "ரொம்ப வேலைப் பளு."

"பரவால்ல, பரவால்ல. பதவிய ஏத்துக்கிறாரான்னு மட்டும் கேட்டுச் சொன்னாப் போதும்."

சார் கையை நீட்டி குரூப்பைத் திறந்து, குமரேசன் சார்பில் ஒரு கும்பிடு படத்தைத் தட்டினார். அந்தப் பக்கம் தலைவரைச் சுற்றி நின்றவர்களின் கைதட்டல் கேட்டது. ஆனானப்பட்ட எங்கள் அபார்ட்மென்டில் இரண்டு கட்சியும் சேர்ந்து கைதட்டி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கால் முடிந்தது. துளசி அம்மா, "சரி, எங்க வுட்டேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஆப்பைத் தொட்டார். போன் ஒரு நொடி தயங்கியது. அந்த ஒரு நொடியில் நான் என் குலதெய்வத்தை மட்டுமில்லை, குரூப்பில் வந்த ஓசூர்க்காரர் குலதெய்வத்தையும் கும்பிட்டேன்.

நாதஸ்வரம் என்ற வார்த்தை இருந்தது. அதற்குக் கீழே, விட்ட இடத்தில், திருமழிசைக்காரர் கன்னம் உப்ப நின்றார். துளசி அம்மா அவரைத் தொட்டார். "ஹலோ, நாதஸ்வரம் ஏகாம்பரம் பேசறேன்" என்றது குரல்.

சதீஷ் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. துளசி அம்மா ஒன்றும் புரியாமல், "இன்னாச்சி இந்தப் புள்ளைக்கு?" என்றார்.

"நீங்க விட்ட இடத்திலேயே இருக்கு பார்த்தீங்களா அம்மா" என்றார் சார்.

"வுட்ட எடத்துல இல்லாம வேற எங்க இருக்கும்?" என்றார் அவர். "இதுல காட்டறதுக்கு இன்னா கீது? ஆப்பு ஓடுது, வச்சிக்கலாம். அத வுடுங்க, அந்த மொட்ட மாடி இன்னா ஆச்சி? செயலாளர் வேட்டிக்காரனுக்கு அபராதம் போடுவாரா?"

என் வேலைக் காலம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். நாங்கள் பட்ட பாடு அவர் கண்ணுக்கே தெரியவில்லை. நான் சந்தோஷத்தில் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அன்று சாயங்காலமே தலைவர் ஞானசேகரன் சால்வையோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். இனி மறைக்க முடியாது. என் வீட்டுக்காரர் உள்ளே போய் குமரேசனை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து டீப்பாயில் வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தலைவர் குனிந்து போனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அது நடுவில் ஒருமுறை அதிர்ந்து நகர்ந்தது. யாரோ இரவு வணக்கம் அனுப்பியிருந்தார்கள்.

"திட்டுனா கோபப்படுவாரா?" என்று கேட்டார் கடைசியில்.

"மாட்டார் சார்."

"லிப்ட் ஓடலைன்னு எல்லாரும் சேர்ந்து கத்துனா, ராஜினாமா பண்ணிட்டு ஓடிருவாரா?"

"சார்ஜ் போட்டா இருப்பார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"போன செயலாளர் மூணு பேரும் ஓடிட்டாய்ங்க" என்றார் தலைவர். சால்வையைப் பிரித்து, நாலாக மடித்து, குமரேசன் மேல் போர்த்தினார். "வேலைய நான் பார்த்துக்கறேன். பேரு இவரே இருக்கட்டும். வெளிய மூச்சு விடாதீங்க." சால்வைக்குள் போன் கொதிக்க ஆரம்பித்துவிட்டது, அவர் போனதும் அவசரமாக எடுத்தோம்.

சதீஷ் கல்யாணம் ஆவணியில் துளசி அம்மா மண்டபத்திலேயே நடந்தது. நாதஸ்வரம் ஏகாம்பரம். மாப்பிள்ளையே குமரேசனில் தேடிப் பிடித்த ஆள். அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "குமரேசன் சாரு வரலீங்களா? புள்ள அவரப் பத்தியே பேசினுகீறான்" என்று கேட்டார். பையில்தான் இருந்தார். மேளம் கொட்டும்போது எடுத்து ஒரு போட்டோ பிடித்தேன்.

எழுத உட்காருவதற்கு முன்னால், மறுநாளே இதையெல்லாம் சுருக்கி நிவேதாவிடம் போனில் சொல்லிப் பார்த்தேன். அவள் நன்றாகச் சிரித்தாள், ஆனால் அசையவில்லை. "அது பழைய போன் ஆன்ட்டி. இப்ப வர்றதுக்கெல்லாம் மேடை ரொம்பப் பெருசு" என்றாள். சரி, மேடை பெரிதானால் வீட்டில் பாத்திரமும் பெரிதாகும் என்று அவளோடு நான் ஏன் வாதாட வேண்டும்? குமரேசன் பாணியில் ஒரு கும்பிடு போட்டேன். "உன் டெஸ்ட் போன் நம்பரை அனுப்பு, எங்க குரூப்ல சேர்க்கறேன். இது ஆடி மாசம்" என்று மட்டும் சொன்னேன். முருகேசன் என்று பெயர் வைத்துச் சேர்த்தேன். செயலாளரின் தம்பி என்று தெரிந்ததும் குரூப்பே எழுந்து நின்று வரவேற்றது.

இன்று வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் இன்னும் விளக்குகூட ஏற்றவில்லை, நிவேதாவிடமிருந்து மெசேஜ். "வார்னிங் வந்துடுச்சு ஆன்ட்டி. ரெண்டு தடவை. கோட் இருக்கட்டும். ஒரு விஷயம், முருகேசனைத் துணைச் செயலாளர் ஆக்கறதாப் பேசிக்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

சார்ஜில் இருந்த குமரேசனைக் கையில் எடுத்தேன். நான் ஓய்வு பெற்றாகிவிட்டது, கோதண்டராமன் சாரும் பெற்றாகிவிட்டது, இவர் மட்டும் இந்த வருடமும் போட்டியில்லாமல் செயலாளர். கண்ணாடி விரிசலைத் துடைத்து, குரூப்பைத் திறந்து, அண்ணன் சார்பில் வழிமொழிந்து ஒரு கும்பிடு போட்டேன்.